பொதுமக்களை ஏற்றிவரும் வேன்

நாற்பத்தேழாம் நம்பர் பஸ் நின்றுபோனதற்கு யாருமே காரணமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் யார்மீதாவது கோபப்பட்டு நேரத்தை வீணாக்குவார்கள். பஸ் டிப்போவில் கேட்டால், "நாங்க ஓட்டுறவங்கதான். எங்க ஓட்டணும்னு சொல்றது ஊர்ப் போக்குவரத்துக்குத் திட்டம் போடற நெடுநோக்குக் குழுமம்" என்றார்கள். குழுமத்தில் கேட்டால், "நாங்க எங்கங்க நிறுத்தச் சொன்னோம்? பெரிய திட்டம் முடியுற வரைக்கும் எதையும் மாத்தக் கூடாதுன்னுதான் சொன்னோம்" என்றார்கள். அந்த உத்தரவு வந்த சமயத்தில் நாற்பத்தேழு பழுதாகி டிப்போவில் நின்றிருந்தது. ஆகவே அது நின்றபடியே மாற்றப்படாமல் இருந்தது.

மற்றவர்களுக்கு இது எரிச்சல். செருப்புக்கடைக்காரருக்கோ இது உயிர்ப் பிரச்சினை. கடை அவருடையது இல்லை. நகரத்தின் நடுவே ஒரு பெரிய கடையில் குனிந்து உட்கார்ந்து, வருகிறவர்கள் காலுக்கு அளவு பார்த்து மாட்டிவிடுகிற உத்தியோகம். அவர் குடியிருந்த காலனியில் எல்லோரும் செருப்புக்கடைக்காரர் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் ஊரின் மறுகோடியில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு டயாலிசிஸ் செய்தாக வேண்டும். செய்தால் இருப்பாள், செய்யாவிட்டால் இருக்கமாட்டாள். இதில் கருத்துக் கேட்க ஒன்றுமில்லை.

வேறு பஸ் இருந்தது. அது நிற்கும் இடம் ஆறு வழிச் சாலைக்கு அந்தப் பக்கம். அந்தச் சாலையைக் கடக்க வழி வைக்கவில்லை. இளவட்டங்களே பிடரியில் கால்பட ஓடித்தான் கடந்தார்கள். அவர் மனைவி வாசல்படி இறங்குவதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்குவாள். வாடகைக் கார் வைத்துப் பார்த்தார். மாதம் பாதிகூடத் தாண்டாமல் சம்பளம் கரைந்தது.

அப்போதுதான் குழுமம் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறது என்று தெரியவந்து, அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனார். குளுகுளுவென்று ஒரு பெரிய ஹால். வரிசை வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு தண்ணீர் பாட்டில். மேடையில் கோட்டுப் போட்டவர்கள் நிறைய. கீழே ஒருவரும் இல்லை. சிரித்த முகத்தோடு ஓர் இளம்பெண் ஓடிவந்தாள். மக்கள் பங்கேற்பு அலுவலர் என்று அவள் சட்டைப் பையில் எழுதியிருந்தது.

"சார், நீங்க பொதுமக்களா?"

"நான் செருப்புக்கடையில வேலை பாக்கறேம்மா."

"பொதுமக்கள்தானே?"

"அப்படித்தான் நினைக்கிறேன்."

அவள் மேடையைப் பார்த்துத் திரும்பி, "சார், வந்துட்டாங்க! பொதுமக்கள் வந்துட்டாங்க!" என்று கத்தினாள். மேடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். செருப்புக்கடைக்காரர் தனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்.

குழுமத்தின் இயக்குநர் பேசினார். உருண்டையான மனிதர், உருண்டையான குரல். "நண்பர்களே, இந்த நகரம் அசுர வேகத்துல வளருது. ரெண்டாயிரத்து ஐம்பதுல இங்க ஒவ்வொருத்தரும் எங்கேருந்து எங்க போவாங்க, எதுல போவாங்க, ஏன் போவாங்க, எல்லாம் எங்களுக்குத் தெரியும். இன்னிக்கு எப்படிப் போறாங்கன்னு சில பேர் கேக்கறாங்க. இன்னிக்குங்கறது ஒரு நாள் சமாசாரம். ஒரு நாள் சமாசாரத்துல குழுமம் தலையிடாது. அந்த மாதிரி கிட்டப்பார்வை எங்ககிட்ட கிடையாது."

அவ்வளவு நேரம் பேசியதற்கு மேடையிலிருந்தவர்களே மேடையிலிருந்தவரைப் பாராட்டினார்கள். பிறகு சுவரளவு வரைபடத்தைத் திறந்தார்கள். செருப்புக்கடைக்காரர் தன் காலனியைத் தேடினார். ஆற்றைப் பிடித்தார், ரயில் பாதையைப் பிடித்தார், அதை ஒட்டி விரலை ஓட்டிக்கொண்டே போனார். காலனி இருக்க வேண்டிய இடத்தில் பச்சையாகப் புல் முளைத்திருந்தது.

"ஏம்மா, இங்க எங்க வீடெல்லாம் காணோமே."

பங்கேற்பு அலுவலர் கணினியைத் தட்டிப் பார்த்தாள். "ஓ, அதுவா சார். நீங்க இன்னும் வரலை."

"வந்துட்டேனேம்மா. உங்க முன்னாடிதானே நிக்கறேன்."

"அது இல்ல சார். எங்க அடிப்படை ஆண்டுல உங்க காலனி கட்டலை. அந்த வருஷத்துக் கணக்கை வச்சுத்தான் எல்லாம் போட்டிருக்கோம். அதுப்படி நீங்க முப்பத்தெட்டாம் வருஷம்தான் குடி வர்றீங்க. ஐம்பதுல உங்களுக்கு நாலு ரயில் நிலையம் இருக்கு சார், ஒண்ணுல நகரும் படிக்கட்டுகூட இருக்கு."

"நடுவுல நாற்பத்தேழாம் நம்பர் பஸ்ஸு?"

"புல்லுக்கு எதுக்கு சார் பஸ்ஸு?" என்று அவள் கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டாள்.

அப்புறம் கண்ணை மூடி எதிர்கால நகரத்தில் உலாவச் சொன்னார்கள். செருப்புக்கடைக்காரர் கண்ணை மூடினார். மனைவி மெஷின் பக்கத்தில் படுத்திருப்பது தெரிந்ததும் திறந்துவிட்டார். மஞ்சள் தாளைக் கொடுத்து, மனத்தில் தோன்றியதை எழுதி ஒட்டச் சொன்னார்கள். "47" என்று எழுதி ஒட்டினார். ஆலோசகர் ஒருவர் அதை உரித்தெடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, யோசித்து, "உணர்வுகள்" என்ற தலைப்பின் கீழ் ஒட்டினார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "நாம இன்னும் குடியே வரலையாமா? அப்ப இந்த வீட்டு வாடகையையும் முப்பத்தெட்டுலேருந்து குடுத்தாப் போதுமான்னு கேட்டீங்களா?"

"கேக்கத் தோணலை."

"உங்களுக்கு எதுதான் தோணியிருக்கு."

ஆனால் குழுமத்துக்கு ஒன்று தோன்றியிருந்தது. திட்டத்துக்குப் பணம் கொடுக்கிறவர்கள், பொதுமக்கள் இல்லாமல் கூட்டம் நடந்தால் செல்லாது என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். கைவசம் இருந்த பொதுமக்கள் இவர் ஒருவர்தான். அவர் வராமல் போனால்? மறுநாளே பங்கேற்பு அலுவலர் ஃபோன் செய்தாள். "சார், இனிமே நீங்க சிரமப்படக் கூடாது. ஆபீஸ் வேன் உங்க வீட்டு வாசலுக்கே வரும். கூட்டிட்டு வந்து, கூட்டிட்டுப் போய் விட்டுரும். உங்களுக்கு எந்தெந்தக் கிழமை வசதி?"

செருப்புக்கடைக்காரர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மனைவி ஃபோனைப் பிடுங்கிவிட்டாள். "செவ்வாய், வெள்ளி" என்றாள். "நானும் பொதுமக்கள்தான்மா. நானும் வரேன்."

இப்படியாக, புல் முளைத்த இடத்துக்கு வேன் வந்தது. டிரைவர் அதிகம் பேசாத மனிதர். ஆஸ்பத்திரி வாசலில் வேகத்தைக் குறைக்கச் சொன்னபோது கண்ணாடியில் அவளை ஒரு பார்வை பார்த்தார், பிறகு வேனை ஓரமாகவே நிறுத்திவிட்டார். அவள் அங்கே இறங்கிக்கொள்வாள், இவர் கூட்டத்துக்குப் போவார். கூட்டம் முடிய நாலு மணி நேரம் ஆகும். மெஷினுக்கும் நாலு மணி நேரம்தான். திரும்பும்போது அவளை ஏற்றிக்கொள்வார்கள். கடை முதலாளி முணுமுணுத்தார், சம்பளத்தில் பிடித்தார். ஆனால் மனைவி முகத்தில் வீக்கம் வடிந்தது. ராத்திரியில் மூச்சுத் திணறாமல் தூங்கினாள். பக்கத்தில் படுத்து அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

ஒருநாள் இயக்குநர் மேடையிலிருந்து, "கருத்துக் கேட்பு இன்னியோட நிறைவு. ஆட்சேபணை இருந்தா அடுத்த அமர்வுல விவாதிக்கணும், அது விதி. யாருக்கும் இல்லைன்னு எடுத்துக்கறேன்" என்று சொல்லிக் கோப்பை மூடப்போனார். செருப்புக்கடைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. திட்டம் முடிந்தால் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லையென்றால் வேன் இல்லை. கை தன்னால் மேலே போனது.

"ஆட்சேபணை இருக்குங்க."

இயக்குநர் கோப்பைக் கீழே வைத்தார். "என்ன ஆட்சேபணை?"

அவர் சுற்றிலும் தேடினார். கண்ணில் பட்டது வரைபடம்தான். "அந்த... அந்தப் பச்சை, கொஞ்சம் அடர்த்தியா இருக்கு."

ஆலோசகர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இயக்குநர் முகம் மலர்ந்தது. அவர் பதவிக்கு வந்ததிலிருந்து யாரும் அவரை எதிர்த்ததில்லை, ஏனென்றால் யாரும் வந்ததில்லை. "பாத்தீங்களா! இதுதான் விழிப்புணர்வு!" என்று கூவினார். பச்சையின் அடர்த்தி பற்றி அடுத்த செவ்வாயும் வெள்ளியும் விவாதித்தார்கள்.

அன்றிலிருந்து செருப்புக்கடைக்காரர் நகரமே அறியாத பெரிய போராளி ஆகிவிட்டார். திட்டம் சீக்கிரம் முடிந்து பஸ் வரவேண்டும் என்று போனவர், அது எந்த ஜென்மத்திலும் முடியக் கூடாது என்று கண்ணும் கருத்துமாக உழைத்தார். ஆட்சேபணைகளை மனைவிதான் தயார்செய்தாள். மெஷினில் படுத்துக்கொண்டு வேறு என்ன செய்ய? சுரங்க ரயிலில் ஜன்னல் எதற்கு என்று கேட்கச் சொன்னாள். அது மூன்று வாரம் ஓடியது. எதிர்கால நடைபாதையின் அகலம் போதாது, வருங்காலத்தில் மக்களின் பாதம் பெரிதாகிக்கொண்டே போகும் என்று ஒரு போடு போடச் சொன்னாள். அதற்குத் துணைக்குழுவே அமைத்தார்கள். ஐம்பதாம் ஆண்டின் பாத அளவைக் கணிக்கும் பொறுப்பைத் துறை அனுபவம் கருதிச் செருப்புக்கடைக்காரரிடமே கொடுத்தார்கள். அவர் வாய்க்கு வந்த ஓர் அளவைச் சொன்னார். வெளிநாட்டு நிபுணர் ஒருவர் அதைச் சரிபார்த்து, ஒரு புள்ளி கூட்டினார்.

வேனில் இடம் சும்மா கிடந்தது. காலனி சும்மா இருக்குமா? ஒருவர் வந்தார், இருவர் வந்தார். சர்க்கரை வியாதிக்காரர், பிள்ளைத்தாய்ச்சி, கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர் என்று எல்லோரும் பொதுமக்களாகப் பெயர் கொடுத்தார்கள், எல்லோரும் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினார்கள். வேன் ஹாலுக்கு வந்துசேரும்போது உள்ளே செருப்புக்கடைக்காரர் மட்டும் இருப்பார்.

"மத்தவங்க எங்க சார்?" என்று பங்கேற்பு அலுவலர் கேட்டாள்.

"வழியில களப்பணில இருக்காங்கம்மா."

அவள் கண்கலங்கிவிட்டாள். பங்கேற்பு பத்து மடங்கு உயர்ந்ததாக மேலிடத்துக்கு எழுதினாள். வினை அங்கேதான் தொடங்கியது.

அந்தச் செய்தியைப் படித்த ஆலோசகர்கள், நகர மக்கள் எங்கே போகிறார்கள் என்ற கணக்கில் வேனின் ஓட்டத்தையும் சேர்த்துக் கணினிக்குள் போட்டார்கள். வேன் புறப்படும் இடமும் போய்ச்சேரும் இடமும்தான் அவர்களிடம் இருந்தன, நடுவில் நின்ற விவரம் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை இயக்குநர் பெருமை தாங்காமல் செருப்புக்கடைக்காரரின் தோளில் கைபோட்டார்.

"உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. உங்க காலனி ஜனங்க அதிகமாப் போற இடம் எதுன்னு கண்டுபிடிச்சாச்சு."

செருப்புக்கடைக்காரர் ஆவலோடு கேட்டார். "ஆஸ்பத்திரிங்களா?"

"ஆஸ்பத்திரிக்கா? அங்க ஒருத்தர்கூடப் போறதாப் பதிவு இல்லையே. நீங்க எல்லாரும் வர்றது இங்கதான். எங்க ஆபீசுக்கு! அதனால ஐம்பதுல உங்க காலனிலேருந்து எங்க ஆபீசுக்கு நேர் ரயில். நடுவுல எங்கயும் நிக்காது."

"ஐயா, நடுவுல நிக்கணும்ங்க. அங்கதான் என் வீட்டுக்காரிக்கு..." வாயில் வந்ததை அவர் விழுங்கினார். உண்மையைச் சொன்னால் வேன் அன்றே போய்விடும். "ஆட்சேபணைங்க" என்று மட்டும் சொன்னார்.

"அடடா, நேர் ரயிலுக்குமா? நீங்க சாதாரண ஆள் இல்ல" என்று இயக்குநர் தட்டிக்கொடுத்தார். ஆனால் அவர் முகத்தில் முதல் தடவையாகச் சலிப்புத் தெரிந்தது. பங்கேற்பு உயர்ந்ததற்காகக் குழுமத்துக்குப் பரிசு அறிவித்திருந்தார்கள். பரிசு வாங்கவேண்டுமானால் பங்கேற்பு முடிந்திருக்க வேண்டும்.

அந்த ஆட்சேபணையை அடுத்த வாரம் ஒரே அமர்வில் முடித்துவிட்டு, அதற்கடுத்த செவ்வாய் திட்டத்தின் இறுதி ஒப்புதல் விழா, அமைச்சரே வருகிறார் என்று சொன்னார்கள். விழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வேன் வரவில்லை. ஹாலை ஜோடிக்கிற வேலைக்கு அதை எடுத்துக்கொண்டுவிட்டார்களாம். அது தெரிந்து, அலைந்து, ஒரு காரைப் பிடித்து அவளை ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தபோது அவளுடைய மெஷின் வேறொருவருக்குப் போயிருந்தது. நர்ஸ் கையை விரித்தாள். "செவ்வாய்க்கிழமை கண்டிப்பா வந்துருங்க. தவறவிட்டுராதீங்க" என்றாள்.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்றும் மூன்று யுகமாகப் போயின. அவள் படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடியே தூங்கினாள். செவ்வாய்க் காலையில் அவர் குனிந்து அவளுக்குச் செருப்பு மாட்டப் பார்த்தார். நுழையவில்லை. பெரிய அளவு ஒன்று எடுத்தார், அதற்குள்ளும் நுழையவில்லை. நாள் முழுக்க ஊரார் காலுக்கு மாட்டுகிறவர், பெண்டாட்டி காலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

"அழுது ஆகப்போறது என்ன? வேன் வந்திருச்சு பாருங்க. வெறுங்காலோட வரேன்" என்றாள். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது. "ஆட்சேபணை ஞாபகம் இருக்கில்ல? பாலத்துக்கு அடியில இருட்டா இருக்கும்னு... சொல்லணும். விட்டுராதீங்க. விட்டா வேன் போயிரும்."

ஆனால் வேன் ஆஸ்பத்திரியில் நிற்கவில்லை. முன்சீட்டில் பங்கேற்பு அலுவலர் உட்கார்ந்திருந்தாள். "இன்னிக்கு மட்டும் களப்பணி வேண்டாம், எல்லாரும் ஹாலுக்கு வரணும், டிவிலேருந்து வராங்க" என்றாள். செருப்புக்கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். காலனியே சேர்ந்து கத்தியது. டிரைவர் பிரேக்கில் காலை வைத்தார். பின்னால் அமைச்சரின் ஊர்வலம் வந்துகொண்டிருந்தது, போலீஸ்காரர் ஒருவர் வேனைத் தட்டி விரட்டினார். வேன் குழுமத்தின் வாசலுக்குள் போனதும் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். அமைச்சர் உள்ளே இருக்கும்வரை எந்த வண்டியும் வெளியே போகக் கூடாதாம், ஆம்புலன்ஸானாலும்.

அவளால் இறங்க முடியவில்லை. டிரைவர் ஜன்னலைத் திறந்துவிட்டு, ஓர் அட்டையால் விசிறிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, எவ்வளவு நேரம் ஆகும்மா?" என்று செருப்புக்கடைக்காரர் பங்கேற்பு அலுவலரைக் கெஞ்சினார். வேனுக்குள் இருந்தவளைப் பார்த்து அவளும் வெலவெலத்துப் போயிருந்தாள்.

"ஆட்சேபணை இல்லைன்னா பத்து நிமிஷம் சார். உடனே கேட்டைத் திறந்துருவாங்க. ஆட்சேபணை வந்தா சாயங்காலம் வரைக்கும் விவாதம், அப்புறம் இன்னொரு அமர்வு. விதி அப்படி." அவள் குரல் தாழ்ந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாதே சார். நீங்க சொல்லவே இல்லையே."

அவர் ஹாலுக்குள் போனார். பூ அலங்காரம், விளக்கு, கேமரா. இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "இந்தத் திட்டத்தால ஐம்பதாம் வருஷத்துல ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு பயணத்துக்குப் பதினோரு நிமிஷம் மிச்சமாகுது. நேரம்தான் உயிர். அதை எங்களைவிட உணர்ந்தவங்க கிடையாது. இப்ப, நம்ம பொதுமக்களையே கேப்போம். எப்பவும் எதிர்க்கற மனுஷன், எங்க அன்புக்குரிய விமர்சகர். ஐயா, ஆட்சேபணை உண்டா?"

கேமராக்கள் எல்லாம் அவர்மேல் திரும்பின. கையைத் தூக்கினால் வெள்ளிக்கிழமை வேன் வரும், அதற்கடுத்த செவ்வாயும் வரும். இன்றைக்குச் சாயங்காலம்வரை அவள் தாங்கமாட்டாள். தூக்காவிட்டால் இன்றைக்கு அவள் பிழைத்துவிடுவாள். வெள்ளிக்கிழமை? இன்று என்பது ஒரு நாள் சமாசாரம் என்று இந்த மனிதர்தான் சொன்னார். அவர் மனைவிக்கோ அந்த ஒரு நாள்தான் இருந்தது.

"இல்லைங்க" என்றார்.

"என்ன சொன்னீங்க? மைக்குல சொல்லுங்க."

"ஆட்சேபணை இல்லை! ஒண்ணுமே இல்லை! எல்லாம் நல்லா இருக்கு! கேட்டைத் திறங்கய்யா!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. கடைசி வார்த்தையை யாரும் கவனிக்கவில்லை. அமைச்சர் எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். ஒரு படம் எடுத்தார்கள், வெளிச்சம் போதவில்லை என்று இன்னொரு படம் எடுத்தார்கள். பணி ஓய்வுக்கு முன்னால் இப்படி ஒரு மனமாற்றத்தைக் காணக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று இயக்குநர் தழுதழுத்தார். அடுத்த திட்டம் தொடங்கப் பல வருஷம் ஆகும், அதற்கும் முதல் அழைப்பு உங்களுக்குத்தான் என்று காதோடு சொன்னார். செருப்புக்கடைக்காரர் அவர் கையைத் தட்டிவிட்டு ஓடினார்.

அமைச்சரின் கார் போனதும் கேட்டைத் திறந்தார்கள். டிரைவர் வேனை எடுத்த எடுப்பில் காலனிக்காரர்கள் பாதிப் பேர் ஏறக்கூட இல்லை. செருப்புக்கடைக்காரர் மனைவியைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"பாலத்துக்கு அடியில... இருட்டா இருக்கும்னு?"

"ஆமா. அப்படியே ஆடிப்போயிட்டாங்க. இயக்குநருக்கு வாயே எழலை."

"அப்ப அடுத்த கூட்டம்?"

டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். மறுநாளிலிருந்து வேனை அமைச்சரின் ஆபீசுக்கு மாற்றிவிட்டது அவருக்குத் தெரியும். அவர் பார்வையைச் சாலைக்குத் திருப்பி வேகத்தைக் கூட்டினார்.

"வெள்ளிக்கிழமை" என்றார் செருப்புக்கடைக்காரர்.

அவள் வீங்கிய முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "பரவாயில்லையே" என்றாள். "நான் இல்லாமலே சமாளிச்சுட்டீங்களே." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அவர் தலையைத் தலையை ஆட்டினார். வேன் ஆஸ்பத்திரிக்குள் திரும்பியது.